அவசரத்துக்கு யாரை அழைப்பது

சாட் என்று ஒரு தேசம்.
காக்ஸ் டவுன் மளிகைக்காரரிடம் சொன்னபோது
"தயிர் போட்டுச் சாப்பிட்டா நல்லா இருக்கும் சார்" என்றார்.

அமலோற்பவம் அதன் வரைபடத்தை
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி மூன்று மாதம்.
பால் எடுக்கும்போதெல்லாம்
ஆப்பிரிக்காவின் நடுவயிறு திறந்து மூடுகிறது.

பதினாறு நாள்.
இரண்டு வண்டி, ஒரு சமையல்காரர், ஒரு வழிகாட்டி,
டீசல் பீப்பாய் ஏழு.
கழிப்பறை என்ற தலைப்பின் கீழ்
'மறைவான பாறை' என்று போட்டிருக்கிறது.
நான் முப்பது வருடம் பீன்யாவில்
வால்வு கசிகிறதா என்று பார்த்தவன்.
அவள் கூட்டுறவு வங்கியில்
பிறர் கையெழுத்தைச் சரிபார்த்தவள்.
எங்கள் சாகசத்தின் உச்சம்
ஒருமுறை ஹெப்பால் மேம்பாலத்தில்
தவறான பக்கம் இறங்கியது.

பொருள் தேடிப் பாலை கடந்தார்கள் பழைய தலைவர்கள்.
தலைவி வளை நெகிழக் காத்திருந்தாள்.
நாங்கள் பொருளைக் கொடுத்துப் பாலை வாங்குகிறோம்,
தவணையில்.
தவணையைக் கணக்குப் போட்டதே தலைவிதான்.
வளை நெகிழவில்லை.
இரண்டை விற்றிருக்கிறாள்.

ஆளுக்கு நாளைக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் என்கிறது பட்டியல்,
குடிக்க, சமைக்க, முகம் துடைக்க.
ஞாயிறன்று வாளியோடு ஒத்திகை பார்த்தோம்.
நான் பதினோரு மணிக்கே தோற்றேன்.
அவள் சாயங்காலம் வரை தாங்கி
மிச்சத்தைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு
"இது கணக்குல வராது" என்றாள்.
லாரிக்காரர் கெம்பண்ணாவும் ஒத்திகைக்கு உதவினார்:
ஒன்பது முறை அழைத்தும் வரவில்லை.

செவ்வாய் இரவு அதூம் பேசினான், வழிகாட்டி.
அவன் ஆங்கிலமும் எங்கள் ஆங்கிலமும்
நடுக்கடலில் எங்கோ சந்தித்துக் கைகுலுக்கின.
ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நாலு வினாடி மௌனம்.
நல்ல காலணி. டார்ச் இரண்டு.
பாறைக் குளத்தில் முதலைகள் உண்டு, கொஞ்சம்தான்,
ஒட்டகங்கள் கண்டுகொள்வதில்லை.
நீங்கள் என்ன பார்க்க வருகிறீர்கள்?
அமலோற்பவம் ஆசையாய்ச் சொன்னாள்:
"ஒன்றுமே இல்லாத இடத்தை."
நாலு வினாடி.
எட்டு.
இணைப்பு போய்விட்டதென்று நினைத்தேன்.
"மேடம், அந்த வழியில் என் அக்கா வீடு இருக்கிறது.
அப்புறம் ஒரு கிணறு, மாமனாருடையது, அவரோடு பேச்சில்லை.
அப்புறம் நான் வண்டி ஓட்டப் பழகிய இடம்.
அப்புறம் ஒரு கழுதை செத்த இடம். நல்ல கழுதை.
ஒன்றுமே இல்லாத இடம் எனக்குத் தெரியாது.
விசாரித்துச் சொல்கிறேன்."

காலையில் பால் எடுக்கப் போனேன்.
வரைபடத்தில் வெறும் மஞ்சளாய்க் கிடந்த பகுதியில்
பென்சிலால், பொடி எழுத்தில்:
கழுதை.

கடைசியாகக் காப்பீட்டுப் படிவம்.
ஹெலிகாப்டர் மீட்பு வேண்டுமா,
உடலை ஊருக்கு அனுப்பும் செலவு வேண்டுமா.
எல்லாவற்றுக்கும் ஆம் போட்டோம், வீரமாக.
பதினெட்டாம் கேள்வியில் பேனா நின்றது.
அவசரத்துக்குத் தகவல் தெரிவிக்க வேண்டியவர்.
உடன் பயணிப்பவராக இருக்கக் கூடாது.

இருபத்தாறு வருடமாக எந்தப் படிவத்திலும்
அவளுக்கு நான், எனக்கு அவள்.
ஓசூரில் ஓர் அண்ணன் இருக்கிறார், சொத்து வழக்கோடு.
மாடி வீட்டுக்காரர் பெயர்
தபால் பெட்டியில் படித்ததோடு சரி.
"சர்ச்சுல..." என்று தொடங்கினாள்.
முடிக்கவில்லை.
கூடம் பெரிதாகிக்கொண்டே போனது.

கீழே ஹாரன்.
நான்காம் நாள் தண்ணீர்.
"போர் வத்திப்போச்சு சார்,
ஹொஸகோட்டேலருந்து கொண்டாந்தேன்."

அமலோற்பவம் படிவத்தோடு இறங்கிப் போனாள்.
பால்கனியிலிருந்து பார்த்தேன்:
அவள் கையால் மணலைக் காட்டுகிறாள்.
கெம்பண்ணா ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு
எண்ணைச் சொல்கிறார்,
எங்கள் இருவருக்கும் மனப்பாடமான எண்.
உறவுமுறைக் கட்டத்தில் ஏதோ எழுதினாள்,
மேலிருந்து தெரியவில்லை.

"அப்போ அந்தப் பதினாறு நாள்
லோடு வேணாம்ல மேடம்?"
தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தத்தின் மேல்
அவள் கத்திச் சொன்னாள்:
"கறிவேப்பிலைக்கு மட்டும். அஞ்சு லிட்டர்."